சின்னப் பிள்ளைகளோடு பக்கத்துப் பன்சலைக்குப் போவது: கொழும்புக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தை, தெஹிவளை, பம்பலப்பிட்டிப் பக்கம் குடியிருந்தால் நடந்து போகிற தூரத்தில் ஒரு பன்சலை, அதாவது பௌத்த விகாரை, இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா வரச் சொல்லியிருப்பார், பள்ளிக்கூடத்தில் வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு செய்யச் சொல்லியிருப்பார்கள், இல்லாவிட்டால் "அந்த வெள்ளைக் கோபுரத்துக்குள்ள என்னம்மா இருக்கு?" என்று பிள்ளையே கேட்டிருக்கும். போக மனம் இருந்தும், அங்கே என்ன செய்வது, எதை முதலில் செய்வது என்று தெரியாமல் வாசலிலேயே தயங்கி நிற்கும் தாய் தகப்பன்மார் நிறையப் பேர்.

இரண்டு வயதிலிருந்து எட்டு வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். நான் பார்த்த வரையில் சொதப்பல் எல்லாம் வரிசையில்தான் வருகிறது. வந்ததும் நேரே புத்தர் சிலை இருக்கும் சிலைமனைக்குள் போய்ப் பிள்ளையை உட்காரச் சொல்வார்கள். அது நெளியும், கத்தும். பத்து நிமிடத்தில் எல்லாரும் வெளியே. அதே பிள்ளையை முதலில் நடக்கவிட்டு, கையில் ஒரு வேலை கொடுத்து, கடைசியில் உள்ளே கூட்டிப் போனால் அமைதியாக இருக்கும்.

1. நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

முதல் முறை போயா நாளில் போகாதீர்கள். பௌர்ணமிதோறும் விடுமுறை என்பதால் அதுதான் வசதி என்று தோன்றும். ஆனால் அன்றைக்கு விடியற்காலையிலிருந்தே வெள்ளை உடுத்த பெரியவர்கள் சில் (நோன்பு) எடுத்துக்கொண்டு மண்டபத்திலும் மரநிழலிலும் தியானத்தில் இருப்பார்கள். உங்கள் பிள்ளையின் ஒவ்வொரு "அம்மா, இங்க பாருங்கோ" அவர்கள் காதில் விழும். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள், ஆனால் உங்களுக்கே நிம்மதி இருக்காது.

நல்ல நேரம் வார நாளில் மாலை நாலரை, ஐந்து மணி. மணலில் சூடு இறங்கியிருக்கும், கூட்டம் இருக்காது. கொழும்பில் வருடம் முழுக்க ஆறு, ஆறரைக்குள் பொழுது சாய்ந்துவிடுவதால் போதிய வெளிச்சமும் கிடைக்கும். பெரும்பாலான பன்சலைகளில் மாலைப் பூஜை ஆறு மணியை ஒட்டி நடக்கும். அதற்குள் சுற்றி முடித்துவிட்டால், இருப்பதா கிளம்புவதா என்பதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

நண்பகலைத் தவிருங்கள். மணல் முற்றமும் கற்பலகையும் காலைச் சுட்டுவிடும். தவிர, பிக்குகள் மதியம் பன்னிரண்டுக்கு முன் உணவை முடித்தாக வேண்டும் என்பதால், பதினொரு மணியிலிருந்து தானம் கொண்டுவருபவர்களோடு பன்சலை பரபரப்பாக இருக்கும். ஞாயிறு காலையில் தஹம் பாசல், அதாவது அறநெறிப் பாடசாலை நடக்கும். வகுப்பு முடிகிற நேரம் முற்றம் முழுக்கப் பிள்ளைகள் ஓடித் திரிவதால் உங்கள் பிள்ளையின் சத்தம் தனியாகக் கேட்காது. கூச்சமுள்ள பெற்றோருக்கு அது நல்ல சந்தர்ப்பம்.

இடம் எது என்றும் யோசியுங்கள். களனி, பெல்லன்வில, கங்காராமய எல்லாம் பேர்பெற்றவை, கூட்டமும் அதற்கேற்ப. கங்காராமயவில் கண்ணாடி அலுமாரிகளும் பொம்மைகளும் கடிகாரங்களும் சின்னக் கைக்கு எட்டும் உயரத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள், "தொடாதே" சொல்லியே தொண்டை வறண்டுவிடும். தெருமுனையில் இருக்கிற சின்னப் பன்சலையில் தொடங்குங்கள்.

2. முந்தைய நாள் வீட்டில் மூன்று விதி சொல்லிக்கொடுங்கள்

மூன்றுக்கு மேல் சொன்னால் ஒன்றும் நிற்காது. இந்த மூன்று போதும்:

- பூவை மணந்து பார்க்கக் கூடாது.
- விளக்கை ஊதக் கூடாது.
- வெள்ளைத் துணி விரித்த கதிரையில் ஏறக் கூடாது.

முதலாவது நம் கோயில் பழக்கம்தான், பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். இரண்டாவதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வரிசையாக எரியும் சுடரைக் கண்டதும் பிறந்தநாள் ஞாபகம் வந்து 'பூ' என்று ஊதிவிடும் பிள்ளைகள் உண்டு, அடுத்தவர் நேர்ந்து ஏற்றிய விளக்காக அது இருக்கும். மூன்றாவது, அந்தக் கதிரை பிக்குவுக்கு உரியது. பஞ்சு வைத்து, வெள்ளை விரித்து, ஆளில்லாமல் இருக்கும் கதிரை, ஓடிக் களைத்த நாலு வயதுப் பிள்ளையை எப்படி இழுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மெதுவாக நட, கத்தாதே என்பதெல்லாம் அங்கே போய் நீங்கள் நடந்து காட்ட வேண்டியவை. வீட்டில் சொல்லிப் பயனில்லை.

3. உடுப்பும் பையும்

வெள்ளை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வெளிர் நிறம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் அரைக் காற்சட்டையை யாரும் பொருட்படுத்துவதில்லை, பெரியவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு அகலமாக விரியும் கவுன், தொங்கும் துப்பட்டா, நைலோன் துணி வேண்டாம். விளக்குத் தட்டுக்குக் கிட்டப் போகப் போகிறீர்கள். பருத்திச் சட்டை போதும்.

புத்தர் படம் போட்ட டீ-சேர்ட், பை எதுவும் கூடவே கூடாது. 2014இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவரை விமான நிலையத்தில் பிடித்து நாடு கடத்தினார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது வேறு கதை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சாள், மச்சான்மாரின் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது அவர்கள் உடுப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செருப்பு, இழுத்தால் கழலும் வகையாக இருக்கட்டும். நாடா கட்டிய சப்பாத்து வேண்டாம். பையில் இவை இருக்கட்டும்: செருப்புகளைப் போட ஒரு துணிப்பை, ஒரு துவாய், தண்ணீர்ப் போத்தல், நுளம்புக்குப் பூசும் கிரீம், மாற்றுச் சட்டை. நுளம்பு மருந்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். டெங்கு பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது, அதிலும் பொழுது சாயும் முன் மும்முரமாகக் கடிக்கும். மரமும் நிழலும் பூச்சாடித் தண்ணீரும் உள்ள இடத்துக்குச் சரியாக அந்த நேரத்தில்தான் போகிறீர்கள்.

4. செருப்பைக் கழற்ற முன் செய்ய வேண்டியவை

இந்தப் படியைத்தான் அநேகர் தவறவிடுகிறார்கள். மணல் முற்றத்தின் எல்லையில் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். கழிவறை பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே, பின்பக்கமாக இருக்கும். உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் "அம்மா, மூத்திரம்" என்றால் திரும்ப வந்து, மணல் காலோடு செருப்பு மாட்டி, போய் வந்து, காலைக் கழுவி, மறுபடி கழற்றி… அதற்குள் பொறுமை போய்விடும். ஆகவே வந்தவுடன் முதல் வேலை கழிவறை. வருதா என்று கேட்காதீர்கள், கூட்டிப் போங்கள்.

அடுத்து, தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். பிஸ்கட், பணிஸ் எதுவானாலும் வெளியிலேயே முடித்துவிடட்டும். உள்ளே தின்றுகொண்டு நடப்பது அழகில்லை. கோழி ரோல் மிச்சத்தைப் பையில் வைத்துக்கொண்டு போவதும் சரியில்லை.

தொலைபேசியை மௌனமாக்குங்கள். செருப்புகளைத் துணிப்பையில் போட்டுக் கையோடு வைத்திருங்கள், இல்லாவிட்டால் வேறு வாசலால் வெளியே வந்து தேடித் திரிய வேண்டிவரும். வெறுங்காலில் நடக்க அடம்பிடிக்கும் பிள்ளைக்குக் காலுறை போட்டுவிட்டால் பொதுவாக யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

பன்சலை நாய்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுங்கள். அநேகமாகச் சாதுவானவை, ஆனால் படுத்திருப்பதைத் தட்டி எழுப்பக் கூடாது.

5. பூவைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். மொத்தப் பயணத்திலும் பிள்ளைக்கு மிகவும் பிடிப்பது இதுதான்.

வாசலில் தட்டிலோ கூடையிலோ பூ விற்பார்கள்: தாமரை, நீல நிற மானெல், அரலியப் பூ. ஒரு பிள்ளைக்கு ஒரு தாமரை மொட்டு வாங்குங்கள். உதிரிப் பூ வாங்கினால் நடக்கும்போதே கொட்டிக்கொண்டு வரும். தாமரை தண்டோடு இருப்பதால் சின்னக் கையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அந்த மொட்டை அப்படியே வைப்பதில்லை. வெளி இதழிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இதழின் நுனியையும் உள்பக்கமாக மடித்து அடியில் செருக வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று. மூடியிருந்த மொட்டு மெல்ல விரிந்து, நடுவில் மஞ்சள் தெரியும். விற்கிற அம்மாவிடமே கேளுங்கள், ஒரு இதழை மடித்துக் காட்டுவார். நாலு வயதுப் பிள்ளை இரண்டு இதழைக் கிழிக்கும், மூன்றாவதைச் சரியாக மடிக்கும். கிழிந்தால் கிழியட்டும், நீங்கள் வாங்கி மடித்துக் கொடுக்காதீர்கள். இந்த வேலையில் பிள்ளையின் வேகம் தானாகக் குறைந்துவிடும், பிறகு நீங்கள் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருக்கத் தேவை வராது.

மடித்த பூவைக் குழாயடியில் தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டு உள்ளே போக வேண்டும். குழாயைத் திறப்பது நீங்கள், பூவை நீட்டுவது பிள்ளை. இல்லாவிட்டால் குளித்துவிட்டு வருவார்கள்.

ஒருமுறை பீடத்தில் வைத்த பூவைத் திரும்ப எடுக்கக் கூடாது. இதை வைக்கும் முன்பே சொல்லுங்கள். வைத்த பிறகு சொன்னால் அழுகை. வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்படும் பிள்ளைக்கு இன்னொரு மொட்டு வாங்கிப் பையில் தனியாக வைத்துவிடுங்கள்.

6. முதலில் தாதுகோபுரம்

பௌத்தர்கள் வழக்கமாகச் சொல்லும் பாளி வணக்கத்தில் தாது, போதி, சிலை என்ற வரிசை வருகிறது. பிள்ளைகளுக்கும் அதே வரிசைதான் பொருந்தும், முதல் இரண்டும் திறந்த வெளி. நேரே சிலைமனைக்குப் போகிறவர்களும் உண்டு, அதில் குறையில்லை. சின்னப் பிள்ளை கூட இருந்தால் மட்டும் இந்த வரிசையை விடாதீர்கள்.

தாதுகோபுரம் என்பது பிள்ளை கேட்ட அந்த வெள்ளைக் கோபுரம்தான். அதை வலமாகச் சுற்ற வேண்டும். எந்தப் பக்கம் என்று பிள்ளைக்கு விளங்கவைக்க ஒரு வழி: "சோறு சாப்பிடுற கை எப்பவும் கோபுரத்துப் பக்கம் இருக்கணும்." மூன்று சுற்று போதும். ஓடத் தொடங்கினால் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் நடையை மெதுவாக்குங்கள்.

படிக்கட்டில் ஏறி விளையாட விடாதீர்கள். பூப் பீடத்தின் விளிம்பில் உட்காரவும் கூடாது.

7. போதிக்குத் தண்ணீர்

போதி என்பது பன்சலையின் அரச மரம். அதனடிக் குழாயருகே சின்னக் குடங்களோ செம்புகளோ வைத்திருப்பார்கள். பிள்ளைக்குப் பாதிக் குடம் மட்டும் நிரப்பிக் கொடுங்கள். முழுக் குடம் கனத்து வழியில் சிந்தும், கற்பலகை ஈரமானால் பின்னால் வருகிற வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள்.

குடத்தோடு வலமாகச் சுற்றிவந்து, அதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் ஊற்ற வேண்டும். அடிமரத்தில் நேரே ஊற்றுவதில்லை. மேல் மேடைக்கு எல்லாரையும் விடாத இடங்களும் உண்டு, மற்றவர்கள் எங்கே ஊற்றுகிறார்கள் என்று பார்த்துச் செய்யுங்கள். இலை பறிக்கக் கூடாது. கீழே விழுந்த இலையை எடுக்க ஆசைப்பட்டால் அங்கே கூட்டிக்கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கலாம்.

மரத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் பௌத்தக் கொடிகளில் நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் என்று ஐந்து நிறம் இருக்கும். ஓரத்தில் ஆறாவது பட்டையில் ஐந்தும் சேர்ந்து வரும். "ஐந்தையும் கண்டுபிடி" என்றால் இன்னும் ஐந்து நிமிடம் கையில்.

8. விளக்கு: ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர்

இரண்டு பிள்ளைகளோடு தனியாகப் போயிருந்தால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். இதில் மட்டும் நான் கண்டிப்பு.

விளக்குகளை இரும்புத் தட்டடுக்கில் வைப்பார்கள். உங்களுக்கு இடுப்பளவு, பிள்ளைக்கு முகத்தளவு. தேங்காயெண்ணெய் வழிந்து தட்டு வழுக்கும், தரையும் வழுக்கும். பின்னால் நிற்பவர் கையை நீட்டி ஊதுவத்தி கொளுத்துவார், அதன் சாம்பல் பிள்ளையின் தலையில் விழும்.

அதனால் அடுக்கின் ஓரத்துக்குப் போங்கள், நடுவில் நிற்காதீர்கள். தலைமுடி நீளமாக இருந்தால் முதலிலேயே கட்டிவிடுங்கள். எண்ணெய் ஊற்றுவதும் திரி போடுவதும் பிள்ளையின் வேலை, கொளுத்துவது உங்கள் வேலை. ஏழு, எட்டு வயதுப் பிள்ளை என்றால் அதன் கையை உங்கள் கைக்குள் வைத்துக்கொண்டு கொளுத்தலாம். ஊதுவத்திச் சுவாலையையும் வாயால் ஊதி அணைப்பதில்லை, கையை விசிறி அணைக்க வேண்டும்.

எண்ணெய்க் கையைத் துடைக்கத்தான் துவாய் கொண்டுவரச் சொன்னேன். துடைக்காமல் சிலைமனைக்குள் போனால் வெள்ளைச் சுவரில் ஐந்து விரலும் பதியும்.

9. சிலைமனை

இப்போதுதான் உள்ளே. ஐந்து நிமிடம் போதும்.

வாசலுக்கு மேல் மகர தோரணம் என்ற அலங்கார வளைவும் படியடியில் சந்திரவட்டக்கல் என்ற அரைவட்டச் செதுக்குக் கல்லும் இருந்தால் அங்கேயே கொஞ்சம் நின்று எத்தனை மிருகம் தெரிகிறது என்று கேளுங்கள். உள்ளே பேச முடியாததை இங்கே பேசித் தீர்க்கலாம்.

உள்ளே போனதும் பிள்ளை மடித்த தாமரையை அதுவே பீடத்தில் வைக்கட்டும். எட்டாவிட்டால் தூக்கிப் பிடியுங்கள். பிறகு ஓரமாகப் போய் முழங்காலிலோ சம்மணமிட்டோ உட்காருங்கள். காலைச் சிலைப் பக்கம் நீட்டக் கூடாது, பிள்ளை காலை நீட்டினால் மடியில் தூக்கி வைத்துவிடுங்கள். கும்பிடச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். வேறு மதத்துக் குடும்பம் என்றால் பேசாமல் நின்றாலே மரியாதைதான்.

படம் எடுக்கும்போது சிலைக்கு முதுகு காட்டி நின்று எடுப்பது இந்த நாட்டில் பெரிய அவமதிப்பு. பிள்ளையைச் சிலைக்கு முன்னால் நிறுத்தி "இங்க பாரு, சிரி" என்பது நமக்கு வெறும் பழக்கதோஷம், அங்கிருப்பவர்களுக்கு அப்படித் தெரியாது. படம் வேண்டுமென்றால் முற்றத்தில், மரத்தடியில் எடுங்கள்.

சுவரோவியங்களை முன்கூட்டியே ஒரு பார்வை பார்ப்பது நல்லது. யானை, முயல் வரும் ஜாதகக் கதைகள் (புத்தரின் முற்பிறவிக் கதைகள்) பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நரகத்தில் தண்டனை அனுபவிப்பதை வரைந்திருக்கும் இடங்களும் உண்டு. தெற்கே திக்வெல்லவில் உள்ள வெவுருகன்னல விகாரையில் அதையே சிலைகளாக ஒரு கூடம் முழுக்க வைத்திருக்கிறார்கள். விடுமுறைக்கு மாத்தறைப் பக்கம் போகும்போது ஐந்து வயதுப் பிள்ளையை அதற்குள் கூட்டிப் போனால் அன்றிரவு உங்களுக்கும் தூக்கம் இருக்காது.

10. தேவாலயமும் பிக்குவும்

பல பன்சலைகளில் ஓரத்தில் தேவாலயம் என்ற தெய்வச் சன்னிதி உண்டு, அதில் விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி, பிள்ளையார் இருப்பார்கள். பிள்ளையாரைக் கண்டதும் நம் பிள்ளைகள் தெரிந்தவரைப் பார்த்ததுபோல ஓடுவார்கள். புத்தரை வணங்கிய பிறகே அங்கே போவது வழக்கம், அதனால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பழத்தட்டு வைத்துப் பூஜை செய்விப்பது அங்கேதான், அங்குள்ள பூசாரியான கப்புராளை செய்து கொடுப்பார். புத்தர் சன்னிதியில் அர்ச்சனைக்கு ஐயரைத் தேடியோ பிரசாதத்துக்குக் கையை நீட்டியோ நிற்க வேண்டாம்.

பிக்குவைச் சந்திப்பது கட்டாயமில்லை. சந்தித்தால் கைகூப்பி, குனிந்து வணங்குங்கள். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுங்கள், கை குலுக்க நீட்டாதீர்கள். பெண்கள் பிக்குவைத் தொடாமல், சற்று விலகி நிற்பது வழக்கம். பணத்தைக் கையில் கொடுக்காமல் உண்டியலில் போடுங்கள், அந்த வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். பிரித் ஓதிய காப்பு நூலைக் கையில் கட்டச் சொல்லிக் கேட்டால் மறுக்க மாட்டார். சிங்களம் தடுமாறினாலும் பரவாயில்லை, பிள்ளையின் கையை முன்னால் நீட்டினாலே விளங்கிக்கொள்வார்.

சில பன்சலைகளில் எட்டு, ஒன்பது வயதுச் சாமநேரர்கள், அதாவது இளம் துறவிகள், இருப்பார்கள். தன் வயதுப் பையன் காவி உடுத்திருப்பதைப் பார்த்து உங்கள் பிள்ளை விளையாடக் கூப்பிடலாம். சிரித்துக்கொள்ளட்டும், தொட்டு இழுக்க வேண்டாம். அவருக்கும் பிக்குவுக்குரிய மரியாதைதான்.

11. அழுதால், கத்தினால்

வெளியே கூட்டிப் போங்கள், அவ்வளவுதான். சிலைமனைக்குள்ளேயே வாயைப் பொத்தி, மிரட்டி, சமாதானம் பேசிக்கொண்டிருப்பதுதான் மற்றவர்களுக்குத் தொந்தரவு. மாலைப் பூஜைக்கு ஹேவிசி மேளம் அடித்தால் அடங்கிய மண்டபத்தில் சத்தம் பலமாகக் கேட்கும். சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளையோடு முற்றத்தின் மறுகோடியில் நின்று கேளுங்கள். பூஜை முடிவில் எல்லாரும் "சாது, சாது, சாது" என்பார்கள், அதில் சேர்ந்துகொள்ள எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

12. பழகிய பிறகு போயாவும் வெசாக்கும்

சாதாரண நாளில் இரண்டு, மூன்று முறை போய், பிள்ளை தானாகச் செருப்பைக் கழற்றும் நிலை வந்த பிறகு போயா நாளுக்குப் போகலாம். காலையை விட்டுவிட்டு மாலையில் போங்கள்.

வெசாக் மே மாதப் பௌர்ணமி, இரண்டு நாள் விடுமுறை. பன்சலைக்குள் கூடும் கூட்டத்தைவிட வீதியில் கூடும் கூட்டம் அதிகம். பொழுது சாய்வதற்கு முன் பன்சலையை முடித்துவிட்டு, இருட்டத் தொடங்கியதும் கூடுகளைப் பார்த்துக்கொண்டு நடந்து திரும்புங்கள். முச்சக்கர வண்டி கிடைக்கும் என்று நம்பாதீர்கள், வீதி அடைத்திருக்கும். உங்கள் தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளையின் முன்கையில் பேனையால் எழுதுங்கள். தாள்துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தால் ஐஸ்கிரீம் கொடுக்கும் தன்சலுக்கு (இலவசமாகப் பரிமாறும் பந்தல்) போய்ச் சேர்வதற்குள் அது நனைந்துவிடும்.

தன்சல்களில் சோறு, கடலை, குளிர்பானம் எல்லாம் இலவசமாகக் கொடுப்பார்கள். வரிசை நீளம், சோற்றுக்கான கறி உறைப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சாப்பாடு கொடுத்துவிட்டு, குளிர்பான வரிசையில் மட்டும் நில்லுங்கள்.